உலகக் கோப்பை செஸ்: காலிறுதியிலிருந்து எதைப் பார்க்கணும், எப்படிப் பார்க்கணும்?

வெண்குதிரை எழுதியது:

ஓபனிங் (ஆட்டத் தொடக்க முறை) பேரெல்லாம் ஓரளவு தெரியும், எல்லாரும் எல்லாரோடயும் ஆடற ரவுண்ட் ராபின் போட்டிகளைப் பார்த்தும் பழக்கம். ஆனா ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) நடத்தற உலகக் கோப்பை மாதிரி, தோத்தவர் வெளியேறற நாக்-அவுட்ல காலிறுதி வந்ததும் எதைக் கவனிக்கணும்னு பிடிபட மாட்டேங்குது. முதல் ஆட்டத்தை ஜெயிச்சவர் அடுத்ததுல வெள்ளைக் காய் கையில இருந்தும் 20, 25 நகர்வுல டிரா பண்ணிட்டு எழுந்து போயிடறார். நிலையை மதிப்பிடற கணினி நிரல், அதான் எஞ்சின், 0.00ன்னு (சமநிலைன்னு) காட்டிட்டு இருக்கும், நாலு நகர்வுல ஆள் தோத்திருப்பார். டை-பிரேக் எத்தனை மணிக்கு முடியும்னு கணக்கே போட முடியல. இன்னொண்ணு, ஆட்டம் முடியற நேரத்துல ரெண்டு ராஜாவும் திடீர்னு பலகை நடுவுக்கு வந்து நிக்குது. அது என்ன?

வேலை முடிஞ்சு சாயங்காலம் பார்க்கிறவங்களுக்கு, ஒரே நேரத்துல நாலு பலகை ஓடும்போது எதைத் திறந்து வைக்கலாம்னும் சொல்லுங்க.

---

யானைமுடிவு பதில்:

நேரக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம், அது தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். 2023-ல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த உலகக் கோப்பையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். விதிகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். 2019-ல் இறுதிச் சுற்று 4 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டம், 2023-ல் 2 தான். அதனால் போட்டி தொடங்கும்போதே ஃபிடே தளத்தில் அந்த வருட விதிமுறையைத் திறந்து, நேர அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாகுவில் ஒரு சுற்றுக்கு 3 நாள். முதல் இரண்டு நாளும் தலா ஒரு கிளாசிக்கல், ஆளுக்கு ஒரு முறை வெள்ளை. வெற்றிக்கு 1, டிராவுக்கு அரைப் புள்ளி. 1-1 என்று சமனானால் மூன்றாம் நாள் டை-பிரேக், அதாவது முடிவு காணும் வேக ஆட்டங்கள்.

கிளாசிக்கலில் முதல் 40 நகர்வுக்கு 90 நிமிடம், அதன்பின் 30 நிமிடம், முதல் நகர்விலிருந்தே நகர்வுக்கு 30 விநாடி கூடுதல். 40 நகர்வுக்குள் கூடுதல் விநாடி மட்டுமே 20 நிமிடம் சேர்ந்துவிடும். ஆக ஆளுக்கு 110 நிமிடம், இருவருக்கும் சேர்த்து 3 மணி 40 நிமிடம். பாகுவில் மாலை 3 மணிக்கு ஆரம்பித்தால் இந்தியாவில் நமக்கு 4:30 (இலங்கைக்கும் அதே, சிங்கப்பூரில் இரவு 7). அதாவது நேர நெருக்கடி நம் கடிகாரத்தில் இரவு 7:30-லிருந்து 8:10 வரை. வேலை முடிந்து வருகிறவர் தவறவிடக்கூடாத நாற்பது நிமிடம் இதுதான். முதல் இரண்டு மணி நேரத்தை விட்டாலும் பெரிதாக இழப்பதில்லை. இந்த உயரத்தில் 15 நகர்வு வரை பெரும்பாலும் வீட்டிலேயே தயாரித்து வந்ததுதான் ஓடும்.

டை-பிரேக்கில் ஒரு ஆட்டத்துக்கு 60 நகர்வு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 25 நிமிடமும் நகர்வுக்கு 10 விநாடி கூடுதலும் உள்ள ரேபிட்டில் (25 + 10 என்று எழுதுவார்கள்) ஆளுக்கு 35 நிமிடம், ஆட்டத்துக்கு 70, இரண்டுக்கு 2 மணி 20 நிமிடம். அது சமனானால் 10 + 10: ஆட்டத்துக்கு 40 நிமிடம், இரண்டுக்கு 1 மணி 20. அதுவும் சமனானால் 5 + 3: இரண்டும் சேர்ந்து அரை மணி. அதன்பிறகு 3 + 2-ல் ஒரே ஆட்டம், ஜெயிப்பவர் உள்ளே. டிரா ஆனால் நிறம் மாற்றி இன்னொன்று, முடிவு வரும்வரை. இடைவேளைகளையும் சேர்த்தால் 4:30-க்கு ஆரம்பித்தது ஒன்பது மணியைத் தாண்டலாம். ஆனால் எல்லா ஜோடியும் அவ்வளவு தூரம் போகாது. நிறைய மேட்ச் முதல் இரண்டு ரேபிட்டோடு ஏழு மணிக்கு முன்பே முடிந்துவிடும்.

10 + 10-ஐப் பலர் பிளிட்ஸ் (மின்னல் வேக ஆட்டம்) என்கிறார்கள். ஃபிடே கணக்குப்படி அது ரேபிட். அடிப்படை நேரத்தோடு 60 நகர்வின் கூடுதல் விநாடிகளைச் சேர்த்து 10 நிமிடத்துக்கு மேல் வந்தால் ரேபிட், 10 அல்லது அதற்குக் கீழே என்றால் பிளிட்ஸ். 10 + 10-க்கு 20 வருகிறது, 5 + 3-க்கு 8. பார்க்கிறவருக்கும் இது முக்கியம். 10 விநாடி கூடுதல் இருக்கும்வரை நல்ல ஆட்டக்காரர் ஒரு எண்ட்கேமை (காய்கள் குறைந்த இறுதிக்கட்டத்தை) நுணுக்கமாக ஆடி முடித்துவிடுவார். 3 விநாடிக்கு இறங்கியதும் ஜெயித்த நிலைகூடக் கை நழுவும்.

மேட்ச் ஸ்கோரைப் படிக்கவும் இதே கணக்கு உதவும். 2023 அரையிறுதியில் பிரக்ஞானந்தா கருவானாவை வென்றது 3.5-2.5. மொத்தம் 6 ஆட்டம் என்றாலே 10 + 10 ஜோடியில் முடிந்திருக்கிறது என்று அர்த்தம். காலிறுதியில் அவர் அர்ஜுன் எரிகைசியை வென்றது 5-4. 9 ஆட்டம், அதாவது ஒற்றை 3 + 2 வரை போயிருக்கிறது. ஸ்கோரைப் பார்த்ததுமே அந்த மாலை எப்படி ஓடியது என்று தெரிந்துவிடும்.

---

கருப்புமந்திரி பதில்:

வெள்ளைக் காய் வைத்துக்கொண்டே டிரா செய்வது பற்றி. ரவுண்ட் ராபினில் வெள்ளை என்பது அரைப் புள்ளியை முழுப் புள்ளியாக்கும் வாய்ப்பு. இரண்டு ஆட்ட மேட்ச்சில் 1-0 என்று முன்னே இருப்பவருக்கு வெள்ளை வேறு வேலைக்குப் பயன்படுகிறது: எந்த மாதிரி நிலை பலகையில் வரும் என்று தீர்மானிக்கும் உரிமை அவர் கையில். கூர்மையான பாதைகளை எல்லாம் மூடிவிட்டு, ராணி மாறி, யானைகள் மாறி, இரு பக்கமும் சிப்பாய் அமைப்பு ஒன்றுபோல இருக்கும் நிலையைக் கொண்டுவந்துவிட்டால் எதிராளி எவ்வளவு பெரிய ஆள் என்றாலும் ஜெயிக்க ஒன்றுமில்லை.

இதற்குச் சுத்தமான உதாரணம் கார்ல்சனும் பிரக்ஞானந்தாவும் மோதிய 2023 இறுதியின் கடைசி ஆட்டம். இரண்டு கிளாசிக்கலும் டிரா (35 நகர்வு, 30 நகர்வு). முதல் ரேபிட்டில் கார்ல்சன் கருப்பில் 47 நகர்வில் ஜெயித்தார். இரண்டாவதில் அவருக்கு வெள்ளை. பிரக்ஞானந்தா சிசிலியன் என்ற கூர்மையான ஓபனிங்கை ஆடினார், கார்ல்சன் அதன் சிக்கலான திறந்த வகைக்குள் போகாமல் சிப்பாயை சி3-க்கு நகர்த்தினார், 22 நகர்வில் டிரா, 2.5-1.5. அந்த 22 நகர்வை ஒரு முறை நிதானமாக ஓட்டிப் பாருங்கள். வெள்ளை எங்கேயும் சாதகத்தைத் தேடவில்லை, கருப்புக்குப் பிடிமானம் கிடைக்கும் நிலைகளை ஒவ்வொன்றாகத் தவிர்த்துக்கொண்டே போகிறது.

பின்தங்கியவர் கருப்பில் ஆடும்போது என்ன ஓபனிங் எடுக்கிறார் என்பதே முதல் செய்தி. பெர்லின், பெட்ரோவ் எடுத்தால் ஆச்சரியப்படுங்கள், அவை சமநிலைக்கான பாதைகள். சிசிலியன், கிங்ஸ் இந்தியன், பெனோனி, டச்சு என்று போனால் கொஞ்சம் மோசமான நிலையை ஏற்றுக்கொண்டாலும் பலகையில் காய்கள் நிற்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார். அந்த ஆட்டத்தில் எஞ்சின் வெள்ளைக்கு +0.8 காட்டினால் கருப்பு தோற்கிறது என்று பதறாதீர்கள். (பிளஸ் வெள்ளைக்குச் சாதகம், மைனஸ் கருப்புக்கு.) அவருக்கு 0.00-வும் தோல்வி, +3-ம் தோல்வி. எத்தனை காய் மாறியது என்று எண்ணுங்கள். ராணிகளும் ஒரு ஜோடி யானையும் 25-ஆம் நகர்வுக்கு மேல் நின்றால் பின்தங்கியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். சி அல்லது டி செங்குத்து வரிசை முழுதும் சிப்பாய் இல்லாமல் திறந்து, இரு பக்க யானைகளும் அங்கே எதிரெதிராக வந்துவிட்டால் அவை மாறிப்போகும், ஆட்டமும் அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. "டிரா போதும்" என்ற மனநிலையே ஆளைக் கவிழ்த்துவிடும். 2015 பாகு இறுதியில் கர்யாகினுக்கு எதிராக ஸ்விட்லர் முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்து 2-0 என்று நின்றார். அப்போது இறுதி 4 ஆட்டம், மீதி இரண்டில் ஒரே ஒரு டிரா போதும். மூன்றாவதில் நல்ல நிலையிலிருந்து பெரிய தவறு செய்து தோற்றார், நான்காவதும் போனது, டை-பிரேக்கில் 1-1, மறுபடி 1-1, கடைசியில் பிளிட்ஸ் இரண்டையும் கர்யாகின் எடுத்து 6-4. பத்து ஆட்டத்தில் ஒன்றுகூட டிரா இல்லை. பாதுகாப்பாக ஆடுவது வேறு, முடிவெடுக்கத் தயங்குவது வேறு. முன்னிலையில் இருப்பவர் ஒரே மாதிரி நகர்வுக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் கவனியுங்கள், அது இரண்டாவது வகை.

நாலு பலகையில் எதைத் திறப்பது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாம் நாள் என்றால் முதலில் 0-1 என்று பின்தங்கியவர் இருக்கும் பலகை. அப்படி இரண்டு இருந்தால் அவர் கருப்பில் ஆடுவது. 0.5-0.5 என்று நிற்கும் பலகைகளில் இருவருமே டை-பிரேக்கை ஏற்றுக்கொண்டு சீக்கிரம் டிரா செய்ய வாய்ப்பு அதிகம், அதைக் கடைசியில் பார்த்தால் போதும். டை-பிரேக் நாளில் ஒவ்வொரு இரண்டு ஆட்டத் தொகுதியிலும் இரண்டாவது ஆட்டம் முதலாவதைவிட முக்கியம். முதலாவதில் தோற்றால் திரும்ப வழி உண்டு, சமனாக நிற்கும்போது இரண்டாவதில் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 2025 கோவா இறுதி அப்படித்தான் முடிந்தது. இரண்டு கிளாசிக்கலும் முதல் ரேபிட்டும் டிரா, இரண்டாவது ரேபிட்டில் சிந்தரோவ் வெய் யியை வென்று 2.5-1.5.

---

பலகைஅறை பதில்:

ராஜா நடுவுக்கு வருவதை நான் சொல்கிறேன்.

ஆட்டக்காரர்கள் ஆடுவது டிஜிடி என்ற, சென்சார் வைத்த மின்னணுப் பலகையில். ஒவ்வொரு காயின் அடியிலும் அடையாளம் இருக்கும், எந்தக் கட்டத்தில் எந்தக் காய் என்று பலகையே கணினிக்கு அனுப்பிவிடும். ஆட்டம் முடிந்ததும் முடிவைப் பதிய ராஜாக்களை நடுவில் வைக்கிறார்கள். இரு ராஜாவும் வெள்ளைக் கட்டங்களில், அதாவது இ4, டி5-ல் நின்றால் வெள்ளைக்கு வெற்றி. இரண்டும் கருப்புக் கட்டங்களில், டி4, இ5-ல் நின்றால் கருப்புக்கு வெற்றி. ஒன்று வெள்ளையில் ஒன்று கருப்பில் (இ4-இ5 அல்லது டி4-டி5) என்றால் டிரா. சில சமயம் மென்பொருள் அதையும் ஒரு நகர்வு என்று நினைத்து அனுப்பிவிடும். ராஜா ஒரு கட்டம் தள்ளி இருந்தால் அது சட்டப்படியான நகர்வாகவே தெரியும், யார் முன்னே என்று காட்டும் எஞ்சின் கோடும் தலைகீழாகக் குதிக்கும். அதனால் "கடைசி நகர்வில் ராஜா இ4, மாபெரும் தவறு" என்று யாராவது பதிவு போட்டால் உடனே நம்ப வேண்டாம். கடிகாரம் நின்றிருக்கிறதா என்று பாருங்கள்.

பலகை தப்பாகப் படிக்கும் மற்ற இடங்கள்: காயைத் தூக்காமல் இழுத்துக்கொண்டு போனால் நடுவில் ஒரு கட்டத்தில் வைத்ததாகப் பதிவாகலாம். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணிக்குப் பதில் வேறு காய் எடுத்தால் ஒளிபரப்பில் ராணி என்றே காட்டலாம். பிளிட்ஸில் காய் சாய்ந்தாலோ அவசரத்தில் இரண்டு கட்டத்துக்கு நடுவில் வைத்தாலோ ஒளிபரப்பு அப்படியே நின்றுவிடும். பின்னால் ஆள் ஒருவர் கையால் சரிசெய்த பிறகு ஏழெட்டு நகர்வு ஒரே மூச்சில் வரும். 5 + 3-க்கு இறங்கியதும் நகர்வுகளை மட்டும் காட்டும் பக்கத்தை நம்பாமல் கேமரா நேரலையை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். முடிவு முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்றால் உரையாடல் பெட்டியை மூடிவிடுவது நல்லது.

கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 40-ஆம் நகர்வு முடிந்தும் 30 நிமிடம் ஏறாமல் சில சமயம் 2 நிமிடம் என்றே காட்டும். நகர்வை எண்ணாத அமைப்பில் கடிகாரத்தை வைத்திருந்தால் முதல் கட்ட நேரம் பூஜ்யத்தைத் தொடும்போதுதான் அடுத்த 30 நிமிடம் ஏறும். ஆட்டக்காரருக்கு அது தெரியும், நிதானமாக உட்கார்ந்து யோசிப்பார். பார்க்கிறவர்தான் நேரம் போகிறதே என்று தவிப்பார். 40 நகர்வு முடிந்தும் அந்த 30 நிமிடம் இன்னும் ஏறவில்லை என்றால் திரையில் தெரியும் நேரத்தோடு 30-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சில போட்டிகளில் ஒளிபரப்பே தாமதமாகத்தான் வரும். 2022 சிங்க்ஃபீல்ட் கோப்பையில் நடுவிலேயே 15 நிமிடத் தாமதத்தைக் கொண்டுவந்தார்கள், வெளியிலிருந்து உதவி போகாமல் இருக்க. அப்படி இருந்தால் எந்தத் தளத்தில் பார்த்தாலும் அதே தாமதம்தான், வேகமான தளத்தைத் தேடி அலைவதில் பயனில்லை.

---

நடுஆட்டம் பதில்:

0.00 பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை. எஞ்சினை மூடிவிட்டுப் பார் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மூடவேண்டியது அந்த ஒற்றைக் கோட்டை. எஞ்சின் அமைப்பில் காட்டும் வரிகளை (சிறந்த நகர்வு வழிகளை) 3 ஆக்குங்கள். லிசெஸ் இணையதளத்தில் ஒளிபரப்புப் பலகையிலேயே செய்யலாம். இப்போது படம் மாறும்.

வெள்ளை நகர்த்த வேண்டியபோது மூன்று வரியும் 0.00, 0.00, -0.1 என்றால் உண்மையிலேயே அமைதியான நிலை, எதை ஆடினாலும் பிழைக்கலாம். முதல் வரி 0.00, இரண்டாவது -2.4, மூன்றாவது -3.1 என்றால் அது கயிற்றின் மேல் நடக்கும் நிலை. ஒரே ஒரு நகர்வுதான் காப்பாற்றும். அந்த நகர்வு செக் வைப்பதோ காய் வெட்டுவதோ என்றால் ஆட்டக்காரர் கண்டுபிடித்துவிடுவார். பின்வாங்கும் குதிரை, ஓரத்துச் சிப்பாய் ஒரு கட்டம், ராஜா திறந்த இடத்துக்குள் நடப்பது போன்றவை என்றால், கடிகாரத்தில் 3 நிமிடம் மட்டும் மீதியிருக்கும்போது தவறவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். இரண்டு கோட்டிலும் 0.00 என்றுதான் இருக்கும், ஆனால் இரண்டும் வேறு வேறு நிலை.

நகர்வு வந்த முதல் சில விநாடிகளில் காட்டும் எண்ணையும் நம்ப வேண்டாம், குறிப்பாக கைப்பேசியில். ஆழம் (எஞ்சின் எத்தனை நகர்வு முன்னோக்கிப் பார்க்கிறது என்ற எண்) 25 தாண்டும்வரை பொறுங்கள். ராஜாக்கள் உட்பட 7 காய்க்குள் வந்துவிட்டால் டேபிள்பேஸ் (எல்லா நிலைகளின் முடிவையும் முன்பே கணக்கிட்டு வைத்த தொகுப்பு) துல்லியமான முடிவைச் சொல்லிவிடும், எஞ்சின் எண் தேவையில்லை. ஆனால் அங்கேயும் "டிரா" என்பது கடவுளுக்கு டிரா. யானை-மந்திரி இரண்டையும் எதிர்த்து வெறும் யானை மட்டும் வைத்திருப்பதைப் பாருங்கள்: பெரும்பாலான நிலைகள் கோட்பாட்டில் டிரா, 50 நகர்வு விதிவரை தாக்குப்பிடிக்க வேண்டும். 10 + 10-ல் கையிருப்பு தீர்ந்து கூடுதல் விநாடியில் மட்டும் ஓடுகிறவருக்கு அந்த 50 நகர்வுக்கும் சேர்த்துக் கிடைப்பது 500 விநாடி, எட்டரை நிமிடம்கூட இல்லை. ஒவ்வொரு நகர்விலும் பலகை ஓரத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அதனால்தான் மிகப் பெரிய ஆட்டக்காரர்களும் அதில் தோற்றிருக்கிறார்கள்.

நான் கடிகாரத்தை முதலில் பார்ப்பேன், பிறகு மூன்று வரி, கடைசியில்தான் எண். நேர வித்தியாசம் கிளாசிக்கலில் 30 நிமிடத்தையோ ரேபிட்டில் 5 நிமிடத்தையோ தாண்டினால், சமமான நிலையிலும் நேரம் அதிகம் உள்ளவர் பக்கம்தான் சாய்வேன்.

---

வெண்குதிரை எழுதியது:

ரொம்ப நன்றி, 3 வரி விஷயம் பெரிய உதவி. இன்னும் ரெண்டு கேள்வி. சில போட்டியில ஆர்மகெடான்னு சொல்றாங்களே, அது இந்த 3 + 2 தானா? அப்புறம், அரையிறுதியில தோத்த ரெண்டு பேரோட மூணாவது இட ஆட்டத்தை யாரும் கண்டுக்கறதில்லையே, அதைப் பார்க்கிறதுல அர்த்தம் இருக்கா?

---

யானைமுடிவு பதில்:

இரண்டும் ஒன்றல்ல. ஆர்மகெடானில் டிரா ஆனால் கருப்பு ஜெயித்ததாகக் கணக்கு, அதற்கு ஈடாக வெள்ளைக்கு நேரம் அதிகம். நார்வே செஸ்ஸில் வெள்ளைக்கு 10 நிமிடம், கருப்புக்கு 7. ஒரே ஆட்டத்தில் கட்டாயம் முடிவு வந்துவிடும். பாகுவில் வைத்த ஒற்றை 3 + 2-ல் இருவருக்கும் சம நேரம், டிராவுக்கு யாருக்கும் சலுகை இல்லை, அதனால் அது எவ்வளவு தூரமும் நீளலாம். ஆட்டத்தின் குணமும் மாறும். ஆர்மகெடானில் கருப்பு கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே போதும்.

மூன்றாவது இட ஆட்டத்தைத் தாராளமாகப் பாருங்கள், பல சமயம் இறுதியைவிடக் கூர்மையாக இருக்கும். காரணம் கேண்டிடேட்ஸ், அதாவது உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி. 2023-லும் 2025-லும் முதல் மூன்று இடத்துக்கு கேண்டிடேட்ஸ் தகுதி. இறுதிக்கு வந்த இருவருக்கும் அரையிறுதி முடிந்த அன்றே இடம் உறுதி, அதன்பின் ஆடுவது கோப்பைக்கும் பணத்துக்கும் (2023-ல் வென்றவருக்கு 1,10,000 டாலர், தோற்றவருக்கு 80,000). மூன்றாவது இடத்துக்கு ஆடும் இருவரில் ஒருவர் உலகப் பட்டத்துக்கான பாதையில் போகிறார், மற்றவர் வேறு வழி தேட வேண்டும்.

2023-ல் அதில் கூடுதலாக ஒரு கிளை இருந்தது. கார்ல்சன் கேண்டிடேட்ஸ் ஆடப் போவதில்லை என்று தெரிந்ததால் நான்காவது இடத்துக்கும் மதிப்பு வந்தது. போட்டியின் தொடக்கத் தரவரிசையில் 69-ஆவது இடத்தில் இருந்த அபாசோவ் முதல் ஆட்டத்தில் கருவானாவை வென்றார், இரண்டாவதில் கருவானா சமன் செய்தார், ரேபிட் இரண்டையும் கருவானா எடுத்து 3-1. கார்ல்சன் விலகியதும் அபாசோவும் 2024 டொரோன்டோ கேண்டிடேட்ஸுக்குப் போனார். அந்த மூன்று நாளும் இறுதிப் போட்டியின் அதே நேரத்தில்தான் ஓடியது.

இதோடு ஓய்வு நாளையும் பாருங்கள். ஒரு அரையிறுதி கிளாசிக்கலிலேயே முடிந்து மற்றது டை-பிரேக் போனால் ஒருவருக்கு ஒரு நாள் ஓய்வு, மற்றவருக்கு இல்லை. 2023-ல் கார்ல்சன் அபாசோவை 1.5-0.5 என்று முடித்துவிட்டார். பிரக்ஞானந்தா ஆகஸ்ட் 21 அன்று கருவானாவோடு நாலு ஆட்டம் ஆடிவிட்டு மறுநாளே இறுதியின் முதல் ஆட்டத்துக்கு உட்கார்ந்தார். இறுதி ஆரம்பிக்கும் முன்பே அட்டவணையில் யார் எத்தனை ஆட்டம் ஆடி வந்திருக்கிறார் என்று ஒரு முறை எண்ணிவிடுங்கள். மூன்றாவது இட ஆட்டத்தை லிசெஸ்ஸில் அதே சுற்றின் பட்டியலில் இரண்டாவது பலகையாகப் போடுவார்கள், தனியாகத் தேட வேண்டியதில்லை.